மூன்றாவது பக்கம்

"அந்தக் கல்யாணத்துக்கு நாம யாரும் போகப் போறதில்லை. அவ்வளவுதான்!"

அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையை லாரிக்காரர் மேஜைமேல் விட்டெறிந்தார்.

கோபமெல்லாம் ஒரு சுவர்மேல். தகப்பனார் விட்டுப்போனது முக்கோண மனை. இரண்டு தெருக்கள் பிரிகிற முனையிலிருந்து பின்னெல்லை வரை நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதி என்று பேச்சு. இவர் லாரியோடு வெளியூர் போயிருந்த சமயம், அண்ணனே கொத்தனாரை வைத்துச் சுவரைக் கட்டிவிட்டார்.

"நான் இல்லாத நேரமாப் பார்த்து வேலையைக் காட்டிட்டார். நம்ம பக்கம் சின்னது. பார்த்தாலே தெரியுதே!"

நாளைய கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்தாள்.

"பார்த்தாலே தெரியுதுன்னு எழுதினா டீச்சர் முட்டை போடுவாங்கப்பா. நிரூபிக்கணும்."

"நிரூபிச்சுடுவோம். எடு டேப்பை! அவர் மூஞ்சிக்கு நேராவே அளக்கறேன்."

மனையில், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். புதுச் சுவர், காயவிடக் கூடாது.

"வாடா! கல்யாண வேலை தலைக்குமேல கிடக்கு, ஒத்தாசைக்கு வந்தியா?"

இவர் காதில் விழாத மாதிரி டேப்பைப் பிரித்தார்.

"மூணு பக்கமும் மூணு பக்கத்துக்குச் சமமா இருந்தா ரெண்டும் சர்வசம முக்கோணம்ப்பா. ஒண்ணுமேல ஒண்ணு வச்சா அப்படியே பொருந்தும்" என்றாள் மகள். "சுவர் ரெண்டுக்கும் பொது. அதனால ஒரு பக்கம் சமம்."

"சரி, மேல சொல்லு."

தெருவோரப் பக்கங்களை அளந்தார்கள். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

லாரிக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. இத்தனை நாள் ஊதி ஊதி வளர்த்த கோபம் வீணாகிவிடுமோ என்று கவலை வந்துவிட்டது.

"இன்னும் பின்பக்கம்தான் பாக்கி. அதுவும் சமம்னா பெரியப்பா சரியாத்தான் கட்டியிருக்காங்க."

மகள் இந்தப் பக்கம் அளந்தாள். சுவரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கமும் அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"சமமில்லப்பா. மூணு அடி வித்தியாசம். ஆனா..."

ஆனாவுக்கெல்லாம் யார் காத்திருந்தது?

"மூணு அடியா!" லாரிக்காரர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "கூடப் பிறந்தவன்னு கூடப் பார்க்கலையே! உங்க குட்டு உடைஞ்சு போச்சு அண்ணா! என் பொண்ணு கணக்குப் போட்டே நிரூபிச்சுட்டா!"

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க..." மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரும்மா! நாலு பேருக்குத் தெரியட்டும்!"

அண்ணன் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுப் பதறிக்கொண்டு சுவரோரம் வந்தார். தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசித் தொலைடா! பக்கத்து மாடிக் கட்டடம் உன் பக்கத்து வெளிச்சத்தை அடைக்குதேன்னுதான் உனக்கு மூணு அடி கூட விட்டுக் கட்டினேன். உங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது!"