கோபம் வராத பெண் தேவை

"பிரண்ட்லின்னு போட்டா போதுங்களா அத்தை?" என்றாள் அறிவுச்செல்வி.

"அப்டீன்னா என்ன சாமி?" மாமியார் சௌந்திரம் நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'சாமி' வந்தது இன்றுதான். அறிவுச்செல்வி திருச்செங்கோட்டில் இங்கிலீஷ் டீச்சர். அந்த இங்கிலீஷுக்கு வீட்டில் மரியாதை கிடைத்ததும் இன்றுதான்.

கல்யாண வெப்சைட்டில் போட, எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தாள் மாமியார். கொழுந்தன் சபரிநாதனுக்கு ஒருவழியாக நேரம் வந்துவிட்டது என்று அறிவுச்செல்விக்குச் சந்தோஷம்.

"பிரண்ட்லின்னா எல்லாருகிட்டயும் சிரிச்சுப் பேசிப் பழகறவங்க."

"சிரிச்சுப் பேசறவ ஊட்டுக்கு ஆவாது. வேற சொல்லு."

சுருக்கென்றது. பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசியதற்கு அவள் வாங்காத ஏச்சில்லை. ஆனாலும் மாமியார் இன்றைக்குத்தான் முகம் கொடுத்துப் பேசுகிறாள், அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"சோஷியபிள்னா நாலு பேரோட கலந்து இருக்கப் பிரியப்படறவங்க."

"இதுக்கு அது எவ்வளவோ தேவல போ!"

"ஏமியபிள்னு ஒண்ணு இருக்குங்க. கொணமே இனிப்பு. கோபம் வராது, என்ன சொன்னாலும் மொகம் சுளிக்க மாட்டாங்க."

"அதேதான்! அதையே எழுது. வயசு முப்பதத் தாண்டியிருந்தாலும் செரி, மொதக் கல்யாணம் முறிஞ்சவளா இருந்தாலும் செரின்னு போடு."

சபரிக்கு இருபத்தெட்டுதான். ஆனால் தோட்டம், கோழிப்பண்ணை எல்லாம் இருந்தும் பெண் கிடைக்காமல் தலை நரைத்துப்போன மாப்பிள்ளைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. மாமியார் விவரமானவள்தான் என்று நினைத்தபடி எழுதினாள்.

எப்படியோ ஒருத்தி வந்து சேரட்டும். போர்வெல் போடும் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசம் போன கணவன் மோகன்குமார் போனில் பேசுவதே அபூர்வமாகிவிட்டது. பேச்சுத் துணைக்கு இந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தால் அவளுக்கும் நல்லதுதானே.

"போட்டோ கேக்குதுங்க அத்தை." தேர் நோம்பிக்கு வெள்ளைச் சட்டையில் எடுத்த சபரியின் படத்தைத் தேடி எடுத்தாள்.

சௌந்திரம் அவள் தலையை வாஞ்சையாகத் தடவினாள்.

"சின்னவனுக்கு இப்ப என்ன அவசரம்? மோகன் போட்டோவப் போடு."