ரூபிகாவுக்காக வந்தவள்

"ஒரே வயித்தில பிறந்த ரெண்டு பிள்ளையள், சேர். ஆனா ஆரோ எவரோ எண்டு ரெண்டு கோப்புப் போட்டு வச்சிருக்கிறீங்கள்!"

ஆறாவது கிழமையாக அருந்ததி அதே கதிரையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பாலசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சிறுவர் பராமரிப்பு அலுவலகத்துக்கு அவர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். ஏதோ தொண்டு நிறுவனத்துப் பெண் என்று நினைத்திருந்தார். யார், எவர் என்று கேட்டதேயில்லை.

"நான் வர முந்தி நடந்தது, மிஸ். தாய் செத்த நேரம் பெடியனை ஹெந்தளையில ஒரு இல்லத்தில விட்டிருக்கினம். தங்கச்சியை வேற இடத்தில. ஒரு கோப்பில தகப்பன்ட பேரைப் பிழையா எழுதிப்போட்டினம்."

"அந்தப் பிழையால ரூபிகா மூண்டு வீடு மாறிட்டா. மூண்டு வீட்டுக்காரரும் திருப்பிக் கொண்டந்து விட்டிருக்கினம். ஒன்பது வயசுதான் சேர், அவவுக்கு."

"இப்ப வெள்ளவத்தையில திருமதி சிவானந்தன் வீட்டில ரெண்டு வருசமாச் சுகமாத்தானே இருக்கிறா?"

"ஆர் போய்ப் பார்த்தது?"

அவர் கோப்பைப் புரட்டினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டிய பக்கங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

அருந்ததியின் குரல் தணிந்தது. "நல்லாச் சிரிப்பா. பாடுவா. கணக்குத்தான் ஓடாது. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா ஆளைப் பிடிக்கேலாது. ஆனா, பணிஸ் வாங்கிக் குடுத்தா பாதியைப் பிச்சு ஒளிச்சு வைப்பா. அண்ணாவுக்காம். அது அங்கேயே காஞ்சு கிடக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்தில இருந்து பாக்கிறனான்."

பக்கத்து வீடு போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"ஹெந்தளைக்கு நாலு தரம் அலைஞ்சுதான் அண்ணன் சாரங்கனைப் பற்றி விசாரிச்சனான். இப்ப கொட்டாஞ்சேனையில பெரியம்மாவோட இருக்கிறான். தங்கச்சியையும் தாங்கோ எண்டு அந்த மனுசி இஞ்ச வந்து கேட்டிருக்கிறா. அப்பிடியொரு பிள்ளை இல்லையெண்டு அனுப்பியிருக்கினம்."

பாலசுந்தரத்துக்கு வெட்கமாக இருந்தது. தொலைபேசியை எடுத்து மேலதிகாரியோடு சிங்களத்தில் அரை மணி நேரம் வாதாடினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் குரல் உயர்ந்தது.

"சரி மிஸ். வாற திங்கள் நீதவானுக்கு முன்னால வைக்கிறன். பிள்ளை பெரியம்மாவிட்டப் போகலாம்."

அருந்ததி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கைகளை எடுத்தபோது கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் சிரித்தாள்.

"ஒண்டு மட்டும், சேர். 'திருப்பி ஒப்படைக்கப்பட்டார்' எண்டு எழுதாதேங்கோ. நாளைக்கு வளந்து வாசிச்சாலும் வாசிப்பா. 'அண்ணனிடம் சேர்ந்தார்' எண்டு எழுதுங்கோ."

அவர் படிவத்தில் அப்படியே எழுதினார். பிறகு தயங்கினார்.

"ஆனா, வளக்கிற அம்மா சம்மதிக்கோணுமே. ரெண்டு வருசம், பிள்ளையில உயிரா இருப்பா. நீங்களே பக்குவமாச் சொல்லி ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதில அவ கையெழுத்து வைக்கோணும்."

அருந்ததி அவருடைய பேனையை எடுத்தாள். வளர்ப்புத் தாயின் கையெழுத்துக்கென விட்டிருந்த இடத்தில் அதன் முனையை வைத்தாள்.

"அவ ஆறு கிழமையா வந்துகொண்டுதான் இருக்கிறா, சேர்."