கோல்கீப்பருக்கு இழப்பீடு

“எண்ணிப் பாத்துக்குங்க. மூணு லட்சம். ஒரு சல்லிக்காசு குறையாது!”

டிரைவர் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். கட்டுக் கட்டாக நோட்டு. ஒரு கட்டு மட்டும் வழுக்கிக் கீழே கிடந்த பழைய பந்துகளுக்கு நடுவே போய் விழுந்தது.

கால்பந்து கிளப்பின் செயலாளர் குனிந்து அதை எடுத்து மற்றவற்றோடு வைத்தார். எண்ணவில்லை.

“எதுக்கு இது?”

“எதுக்கா? நல்லாயிருக்கு சார் நீங்க கேக்கிறது! ஆறு வருஷம் என் பையனைப் பழக்கினீங்க. இப்போ அவனைப் பெரிய கிளப் கூட்டிட்டுப் போகணும்னா உங்களுக்குப் பயிற்சி இழப்பீடு கட்டணும்னு சொன்னது யாரு? மூணு லட்சமான்னு கேட்டு அவங்க பின்வாங்கிட்டாங்கன்னு சொன்னது யாரு? நீங்கதானே! இந்தாங்க, அவங்களுக்குப் பதிலா நானே கட்டுறேன். கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க.”

டிரைவர் கேட்டதில் என்ன தப்பு? பத்து நாளாக வீடு வீடாக இல்லை. பதினாறு வயசுப் பையன் விடிந்ததும் பின்பக்கச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறான். ஒவ்வொரு வீச்சுக்கும் செயலாளருக்கு ஒரு வசவு. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. பெரிய கிளப்புக்கு போன் போட்டால், “எல்லாத்தையும் உங்க கிளப்புக்கே எழுதிட்டோம்” என்று வைத்துவிட்டார்கள். தங்க இடம், படிப்பு, மாசச் சம்பளம், எல்லாம் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போய்விட்டது. இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும்?

“இவ்வளவு பணம் உங்களுக்கு ஏது?”

“அது எதுக்கு உங்களுக்கு? வண்டியை வித்தேன்.”

“சரக்கு வண்டியையா?”

“வேற எந்த வண்டி இருக்கு எனக்கு? காலையிலேயே கைமாறிடுச்சு. போகட்டும், நாளையிலிருந்து எவன் வண்டியையாவது சம்பளத்துக்கு ஓட்டிட்டுப் போறேன்.”

செயலாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அட கடவுளே… என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டிருந்தா நாலு லட்சமா ஆக்கியிருப்பீங்க!”

செயலாளர் நோட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் போட ஆரம்பித்தார்.

“இதை நான் வாங்க முடியாது. ஓடுங்க, வாங்கினவன் கையைக் காலைப் பிடிச்சாவது வண்டியைத் திரும்ப வாங்கப் பாருங்க.”

அவ்வளவுதான், மரியாதை காற்றில் பறந்தது.

“கொடுத்தாலும் வாங்க மாட்டே, என் பிள்ளையையும் விட மாட்டே! மனுஷனாய்யா நீ? இந்த ஓட்டைக் கிளப்புல கிடந்து அவனும் வீணாப் போகணுமா? எங்கே அவன் ஃபைல்? எந்த இடத்துல கையெழுத்துன்னு காட்டு, நானே போட்டுக்கிறேன்!”

அலமாரியில் பையன் போட்டோ ஒட்டியிருந்த ஃபைலை டிரைவர் உருவினார்.

“ஐயோ, அதைத் தொடாதீங்க!” என்று செயலாளர் எழுந்து வருவதற்குள் அவர் திறந்துவிட்டார்.

முதலில் இருந்தது செயலாளர் பெரிய கிளப்புக்கு எழுதிய கடிதத்தின் நகல். பெரிய கிளப்பில் ஆள் தேர்வு நடந்த மறுநாள் தேதி. ‘இந்தப் பையனுக்காக எங்களுக்கு எந்த இழப்பீடும் வேண்டாம். அவனை எடுத்துக்கொண்டால் போதும்.’

அடுத்தது அவர்கள் அனுப்பிய பதில்.

‘கைவேகம் அருமை. ஆனால் கோல்கீப்பருக்கு வேண்டிய உயரம் இல்லை. உடன் வந்த தந்தையையும் அளந்து பார்த்தோம். இதற்குமேல் வளர வாய்ப்பில்லை. இழப்பீடு இல்லாவிட்டாலும் பையன் எங்களுக்கு வேண்டாம்.’

டிரைவர் இரண்டாவது தடவையும் படித்தார். தேர்வு அன்றைக்கு அந்தக் கிளப்பின் டாக்டர், “அப்பாவும் வாங்க” என்று கூப்பிட்டதும் ஏதோ நல்ல சேதி என்றுதான் நினைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். கொஞ்சம் எக்கி நின்றிருக்கலாமோ? யாருக்குத் தெரியப்போகிறது?

“ஏன் சார் எங்ககிட்ட பொய் சொன்னீங்க?”

“பணத்தால போச்சுன்னா பையன் என்னைத்தான் திட்டுவான். திட்டிக்கிட்டே மறுநாளும் கிளவுஸை மாட்டிக்கிட்டு வருவான். வளரவே மாட்டான்னு சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா எதை நம்பி வருவான்?” செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க போய் வண்டியை விப்பீங்கன்னு நான் கண்டேனா…”

டிரைவர் கடிதங்களை இருந்தபடியே ஃபைலில் வைத்து மூடினார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேட் பக்கம் காத்திருந்த பையன் ஓடி வந்தான். நேருக்கு நேர் நின்றபோது இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“என்னப்பா, பையைத் திரும்பக் கொண்டு வர்றீங்க? வாங்கலையா?”

டிரைவர் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துக் காறித் துப்பினார்.

“பத்தாதாம்டா, பாவி! ஆறு லட்சம் கேக்கிறான். உன்னை மாதிரி ஒரு கோல்கீப்பரை அதுக்குக் குறைஞ்சு விட முடியாதாம்.”