மாமனார் செய்த மீட்லோஃப்

டீனா ஒரு துண்டை வாயில் போட்டு, மெதுவாக மென்று, கண்ணை மூடி யோசித்தாள்.

கிளெமென்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க அப்பா செஞ்ச மாதிரி இல்லைங்க."

இது ஐந்தாவது சனிக்கிழமை. ஐந்தாவது மீட்லோஃப், அதாவது கொத்துக்கறியை டின்னில் அடைத்து ரொட்டி மாதிரி வேகவைக்கிற பண்டம்.

முதல் வாரம் செய்தது செங்கல். கத்தி இறங்கவில்லை. இரண்டாவது, டின்னைக் கவிழ்த்ததும் உதிர்ந்து கைமாப் பொரியலாகிவிட்டது, சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டார்கள். மூன்றாவதில் முட்டை தூக்கல். நான்காவதில் உப்பையே மறந்துவிட்டார். இன்றைக்குத்தான் எல்லாம் கூடி வந்திருந்தது. அதை வேகவைத்துக் கொடுத்த பேக்கரி உத்தமனே ஓரத்தில் கிள்ளித் தின்றுவிட்டு, "கலக்கிட்டீங்க சார்" என்றான்.

"இதுல என்ன குறை?" என்றார் கிளெமென்ட்.

"குறைன்னு இல்ல. அப்பா செஞ்சா ஒரு மணம் வரும். அது வரலை. அடுத்த வாரம் முன்னங்கால் கறியா வாங்குங்க. பாய் கடையில நின்னு, கண் முன்னாடி கத்தியால கொத்தி வாங்கணும். போன்ல ஆர்டர் பண்ற வேலையெல்லாம் வேணாம். அப்பா அப்படித்தான் வாங்குவார்."

கிளெமென்ட் பல்லைக் கடித்தார். அந்த மாமனாரை அவர் பார்த்ததுகூட இல்லை. கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே கோலார் தங்கவயலில் கண்ணை மூடிவிட்ட மனிதர். உயிரோடு இருந்தாலாவது நேரில் போய்ச் சண்டை போடலாம். சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவோடு என்ன சண்டை போடுவது?

பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் கிளெமென்ட். ஆளைக் குறைக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நான்கு மாதம் லுங்கியும் டிவி ரிமோட்டுமாக உட்கார்ந்திருந்தார். பால் வாங்கக்கூட இறங்கமாட்டார். லிங்கராஜபுரத்தில் நான்கு வீடு தாண்டுவதற்குள் நான்கு பேர், "இன்னிக்கு லீவா சார்?" என்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்கூல் வேலை முடிந்து வந்த டீனா, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அப்பா செய்வாரே, அந்த மீட்லோஃப் சாப்பிடணும் போல இருக்குங்க. மனசு சரியில்லைன்னா அதைத்தான் செஞ்சு தருவார்."

"செஞ்சுக்கோயேன்."

"எனக்கெங்கே நேரம்? நீங்க சும்மாத்தானே இருக்கீங்க!"

சுருக்கென்று தைத்தது. அந்த ரோஷத்தில்தான் எழுந்தார்.

வீட்டில் ஓவன் கிடையாது. "கிறிஸ்மஸ் கேக்கெல்லாம் பேக்கரிக்குத்தானே கொண்டு போறோம், இதையும் அங்கேயே கொடுத்து வேகவைங்க" என்றாள். டிசம்பரில் தெருவே டின்னும் கையுமாகப் போகும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜூலை மாதத்தில் ஒரு ஆம்பிளை தனியாக டின்னைத் தூக்கிக்கொண்டு போவதா? கிளெமென்ட் அதைப் பழைய ஆபீஸ் பையில் வைத்து எடுத்துப் போனார். பைக்குப் பொருத்தமாக பேன்ட், சட்டை. ஷேவிங்கும் செய்யவேண்டியதாயிற்று.

கீழ்வீட்டு சுனிதாவுக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படியில் வரும்போது கிளெமென்ட் காதிலேயே விழுந்தது.

"ஏன் டீனா, வேலை போன மனுஷனை இப்படியா பாடாய்ப் படுத்துவே? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நல்லா இல்லாததை எப்படிக்கா நல்லா இருக்குன்னு சொல்றது?"

கிளெமென்ட்டின் மனதில் அன்றைக்கே சுனிதா புனிதையாகிவிட்டாள்.

ஆறாவது சனிக்கிழமை ஒரு முடிவோடு கிளம்பினார். இன்றைக்கு டீனா வாயிலிருந்து 'நல்லா இருக்கு' வரவேண்டும், இல்லையென்றால் டின்னை மாடியிலிருந்து வீசிவிடுவது.

ஏழு மணிக்கே பாய் கடையில் நின்றார். இன்னும் பொடியாக, இன்னும் பொடியாக என்று பாயின் உயிரை வாங்கினார். பேக்கரியில் இவருக்காகவே டீ குடித்துக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. "மீட்லோஃப் சார் வந்துட்டார்!" பூண்டைத் தட்டிப் போடு என்றது ஒரு கட்சி, வதக்கிப் போடு என்றது இன்னொரு கட்சி. பேசிச் சிரித்து, டின்னோடு வீடு திரும்ப மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.

வீட்டில் டீனாவின் தம்பி வில்பிரட். மஸ்கட்டிலிருந்து காலையில்தான் வந்திறங்கியிருந்தான். சுடச்சுட இரண்டு துண்டு உள்ளே போனது. மூன்றாவதற்கும் கை நீண்டது.

"சூப்பர் மாமா!"

டீனா அடுப்படியில் இருந்தாள். கிளெமென்ட் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லுடா. உங்க அப்பா செஞ்சதுக்குப் பக்கத்துலயாவது வருமா?"

வில்பிரட் மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்க அப்பாவா? அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாதே மாமா. இப்படி ஒரு ஐட்டத்தை நானே இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

கிளெமென்ட் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். விடியற்காலையில் எழுந்து அவரே இஸ்திரி போட்ட சட்டை.

டீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்த வில்பிரட்டின் காலை, மேசைக்கு அடியில் கிளெமென்ட் ஓங்கி மிதித்தார்.

"பரவாயில்ல. ஆனா என்னவோ குறையுதுங்க" என்றாள் டீனா.

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் கிளெமென்ட். "உங்க அப்பாவோட கைப்பக்குவம் அவ்வளவு சீக்கிரம் வந்துடுமா? அடுத்த சனிக்கிழமையும் போய்ப் பார்க்கறேன்."