ஏற்ற இறக்கம்

மீஞ்சூர் மெக்கானிக் ராஜவேலுவுக்குத் தலை கிறுகிறுத்தது. நன்றாக ஓடும் பியட்டுக்கு ஸ்பிரிங்கை மாற்றி, காரைத் தாழ்வாக இறக்கச் சொல்கிறார் மில்லுக்காரர் மகன் அருணகிரி.

"வேணாம் சார். ரயில்வே கேட் மேட்டுல அடி தட்டும். தெனம் பேஜாரு."

"ஒரே ஒரு நாளைக்குத்தான்யா. அப்பறம் பழையபடி தூக்கி வுட்டுடு."

சோழவரம் கார் ரேஸுக்கு என்று நினைத்துக்கொண்டு இறக்கினான். மறுநாளே தூக்கியும் கொடுத்தான்.

அடுத்த வாரம் பொன்னேரி முனிரத்தினம் அம்பாசிடரில் வந்தார்.

"இத்த நல்லா ஒசத்திக் குடுப்பா. ஒரே ஒரு நாளைக்கு."

"இன்னா சார், நீங்களுமா?"

முனிரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணைக் கார் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ புடிச்சு மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பணும். கார் ஒசந்தா பொண்ணு ஒசரம் தெரியாது. மாப்பிள்ளை ஒசரந்தான். ஆனா எம் பொண்ணு அவரையும் தாண்டிடுவா."

அவர் நீட்டிய மாப்பிள்ளை போட்டோவை ராஜவேலு பார்த்தான். நிஜத்தில் தன் தோளுக்குக்கூட எட்டாத அருணகிரி, பியட்டின் கூரைமேல் முழங்கையை ஊன்றி ஒய்யாரமாக நின்றிருந்தார்.

ராஜவேலு ஜாக்கியை எடுத்தான்.

"ஏத்திடறேன் சார். கல்யாணத்துல மட்டும் ரெண்டு பேரையும் உக்கார வெச்சே போட்டோ எடுங்க."