ஆமோதிக்க வந்தவன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இறுதியாண்டு மெக்கானிக்கல் வகுப்பில் ஆங்கிலம் அடியோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்த வீரன் கடைசி பெஞ்சு இசக்கிராஜ். முதல் வருடம் தவசி என்பவன் எழுந்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசினான். “ஏ பீட்டரு, லண்டன் பஸ் போயிட்டுல, உக்காரு” என்றான் இசக்கி. வகுப்பே சிரித்தது. அன்று மூடிய வாயைத் தவசி அப்புறம் திறக்கவில்லை.

இன்று வேலைக்கு ஆளெடுக்க வந்தவர்கள் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொன்னார்கள். ‘நண்பர் சொன்னதை ஆமோதிக்கிறேன்’ என்பதற்கான ஆங்கிலத்தை மட்டும் மூன்று நாளாய் உருப்போட்டு வந்திருந்த இசக்கி, பக்கத்திலிருந்த தவசியின் முழங்காலைத் தொட்டான்.

“நீ ஆரம்பில. அன்னைக்கு சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன்.”

தவசியின் முகத்தில் கோபமே இல்லை. “இங்கிலீஷெல்லாம் மறந்துட்டுல” என்றான்.

ஆரம்பிக்க ஆளில்லாததால், வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு ஒருவரையும் எடுக்காமல் கிளம்பினார்கள்.