சுபிராவின் கண்

"நாலாம் நம்பர் படகு, சுபிரா. மிதவையில உரசிடுச்சு. அவுட்!"

ஒலிபெருக்கியில் எஷாவின் குரல் கேட்டதும் அத்மானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாமு தீவின் கடற்கரையே நடுவர் மேடையைத் திரும்பிப் பார்த்தது.

பின்னே? அறிவித்த நடுவர் எஷா. அவுட்டானது அவளைப் பெற்ற அப்பா ஃபமாவு ஓட்டிய படகு. அதன் முன் நுனியில் நின்று வழி சொன்ன அத்மானியோ அவளைக் கட்டிய புருஷன்.

வெள்ளைக்காரர்கள் நடத்தும் பாய்மரப் படகு கிளப் போட்டிக்கு எங்கெங்கிருந்தோ விசித்திரப் படகுகள் வந்திருந்தன. பித்தளை மினுக்கும் நூறு வருஷத்து வெள்ளைக்காரப் படகு, விசிறி மாதிரி மடங்கும் பாய் கட்டிய சீனப் படகு... அத்தனையையும் பின்னால் தள்ளிவிட்டு, மூக்கில் ரெண்டு கண் வரைந்த கிழட்டு சுபிராதான் முதல் சுற்றில் முதலில் வந்தது. சாயங்காலம் இறுதிச் சுற்று. உள்ளூர்ப் படகு ஒன்றுகூட இதுவரை அந்தக் கோப்பையை வாங்கியதில்லை.

அத்மானி சொட்டச் சொட்ட நடுவர் மேடைக்கு ஓடினான்.

"ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? மிதவைக்கும் படகுக்கும் நடுவுல ஒரு கழுதையே போகலாம். 'இடது, வலது'ன்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான். ரெண்டு மாசமா நான் அப்படிக் கத்தி வழி சொன்னாத்தான் உங்கப்பாவுக்குக் குஷி. எனக்குத் தெரியாதா?"

"உரசுச்சு. நான் பார்த்தேன்."

"பச்சைப் பொய்! வெள்ளைக்காரங்க முன்னால நல்ல பேர் வாங்க அப்பன் கழுத்தை அறுக்கிறியா?"

எஷா அடுத்த படகின் நம்பரை எழுதக் குனிந்தாள். "சொன்னா சொன்னதுதாங்க. போங்க."

"போறேன்டி. மாமாவையே கூட்டிட்டு வந்து புகார் கொடுக்கிறேன். இனி உன் கையால ஒரு வாய் காபி குடிச்சா ஏன்னு கேளு!"

"பெத்த அப்பனையே கவுத்துட்டாளே, படுபாவி!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அத்மானி அதைக் கேட்டுக்கொண்டே மாமனாரைத் தேடிப் போனான்.

ஃபமாவு மணலில் காலை நீட்டி உட்கார்ந்து அல்வா தின்றுகொண்டிருந்தார். அத்மானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, எழுந்திருங்க! 'உரசலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சுக்கான் பிடிச்ச உங்க பேச்சை யார் தட்டுவாங்க? சாயங்காலம் கோப்பை நமக்குத்தான்."

"சாயங்காலச் சுற்றுல சின்னப் பிள்ளைங்க படகும் கூடவே வரும் இல்ல?"

"வரும். அதுக்கென்ன இப்போ?"

ஃபமாவு காபிக் கிண்ணத்துக்காக மணலைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். கிண்ணம் அவர் முழங்காலுக்கு முன்னாலேயே இருந்தது.

அத்மானி கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தான். "மாமா...!"

"சுபிராவுக்குத்தான் கண்ணு இருக்கு மாப்பிள்ளை. எனக்குப் போயிடுச்சு. பிள்ளைங்க படகு குறுக்க வந்தாக்கூடத் தெரியாது" என்றார் ஃபமாவு. "ஐம்பது வருஷம் சுக்கான் பிடிச்சவன். 'தெரியலை'ன்னு சொல்லி இறங்க மானம் விடலை. 'ஒரே ஒரு சுற்று ஓடிக்கிறேன், அப்புறம் பொய் சொல்லியாவது என்னை இறக்கிவிடும்மா'ன்னு காலையில எஷா கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே நான்தான்!"